சீட்டில் வந்த பக்கம்

இதை வாசிக்கும் நீங்கள் எனக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். "நடுவர் அவர்களே" என்று தொடங்கிப் பழகிய வாய் என்னுடையது. நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்வார், புள்ளி போடுவார், கேடயம் கொடுப்பார். இன்று எனக்குத் தீர்ப்பு வேண்டாம். நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் கொடுத்தான் என்று நினைவில் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் தோட்டத்தில் யாரையும் அப்படிக் கேட்கும் நிலையில் நான் இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த வியாழக்கிழமை எனக்கு இருபத்தைந்து வயது நிறைந்தது.

பதினைந்தாவது பிறந்தநாளில் ஒரு கொப்பியின் கடைசித் தாளில் பத்து இலக்குகளை எழுதி, இருபத்தைந்துக்குள் முடிப்பேன் என்று கையொப்பமும் இட்டிருந்தேன். எனக்கென்று ஒரு கையொப்பம் இருப்பதே அந்த வயதில் பெருமையாக இருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்தக் கொப்பியைத் திறந்து, பத்தையும் உரத்து வாசித்து, நிறைவேறியதற்குச் சரி அடையாளம் இடுவது என் வழக்கம். நின்றுகொண்டுதான் வாசிப்பேன். உட்கார்ந்தால் குரல் அடிவயிற்றிலிருந்து வராது என்பது மேடைப் பயிற்சியின் முதல் பாடம்.

ஏழு நிறைவேறியிருந்தன. மாகாணக் கேடயம், அகில இலங்கைப் போட்டியில் சிறந்த பேச்சாளர், வெளிவாரிப் பட்டம், பதுளை நகரில் ஓர் அறை, என் பேச்சைக் கேட்க மக்கள் பஸ் ஏறி வருவது, இன்னும் இரண்டு. மிச்சம் மூன்று: சட்டக் கல்லூரி, சொந்தமாக ஒரு வீடு, பத்தாவதாக, "அக்காவை மலையிலிருந்து இறக்குவது."

மலை என்று நாங்கள் சொல்வது கொழுந்து பறிக்கும் தேயிலைக் காட்டை. அம்மா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அடுத்த வாரமே அம்மாவின் இடத்தில் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டாள். நான் படித்தேன், பேசினேன், கேடயங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றைத் துடைத்து அடுக்கி வைப்பது அக்காவின் வேலையாக இருந்தது. அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். லுணுகலைக்கு மேலேயுள்ள எங்கள் லயத்து வரிசை வீட்டில் அக்காவும் அவளுடைய எட்டு வயது மகளும் மட்டும் இருக்கிறார்கள். பத்தாவது இலக்கு பத்து வருடமாக ஒரு சொல்லும் மாறாமல் அப்படியே கிடக்கிறது. அதை வாசிக்கும்போது மட்டும் என் குரல் எப்போதும் நன்றாக எழும்.

புதன்கிழமை மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"நாளைக்கு வாரதானே? கொஞ்சம் வெள்ளனமே வா. ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில கூட்டம். நம்ம பள்ளிக்கூடத்த மூடிட்டு பிள்ளைகள லுணுகலைக்கு அனுப்பச் சொல்றாங்க. கல்விக் கந்தோர்ல இருந்து ஒரு சேர் வாராரு. நீ பேசணும்."

"பேசுறேன் அக்கா" என்றேன். எப்படிப் பேச வேண்டும் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

நான்கு மாதங்களுக்கு முன் பதுளையில், நகரத்து வர்த்தகர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. தலைப்பு: "மாணவர் தொகை குறைந்த தோட்டப் பாடசாலைகளை மூடி நகரப் பாடசாலைகளுடன் இணைப்பதே மலையகக் கல்விக்கு விடிவு." யார் ஆதரித்துப் பேசுவது, யார் எதிர்த்துப் பேசுவது என்பதைச் சீட்டு எடுத்துத்தான் தீர்மானிப்பார்கள். பிஸ்கட் தகரத்தில் கையை விட்டேன். ஆதரிக்கும் பக்கம் வந்தது. விவாதக்காரனுக்கு இதில் வருத்தமோ மகிழ்ச்சியோ இருக்கக் கூடாது. எந்தப் பக்கம் வந்தாலும் அதற்காகத் தொண்டை கிழியப் பேச வேண்டும். மறுநாள் மறுபக்கம் வந்தால் அதற்காகவும் கிழிய வேண்டும். எங்கள் தொழிலின் கௌரவமே அதுதான் என்று நம்பியிருந்தேன். பதுளையில் என்னிடம் பேச்சுப் பயிலும் மாணவர்களுக்கும் அப்படியே கற்பித்து வருகிறேன்.

இன்னொரு விதியும் உண்டு. சபையை அசைக்க வேண்டுமானால் எங்கோ நடந்ததைச் சொல்லாதே, சொந்த வீட்டிலிருந்து ஓர் ஆளை மேடைக்கு அழைத்து வா. அன்று நான் அழைத்து வந்தது அக்காவின் மகளை.

"நடுவர் அவர்களே! என் சகோதரியின் மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. இன்றுவரை அந்தக் குழந்தைக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. எப்படித் தெரியும்? ஒரே அறை, ஒரே டீச்சர், ஐந்து வகுப்புகள். ஒரு வகுப்புக்குப் பாடம். மற்ற நான்கு வகுப்புகளுக்கும் 'வாயை மூடு!'"

மண்டபம் முதலில் சிரித்தது, பிறகு மௌனமானது. சிரிப்புக்குப் பின்னால் வரும் மௌனம் என்ன விலை பெறும் என்று பேசுகிறவர்களுக்குத் தெரியும். கேடயம் எனக்கு வந்தது. யாரோ எடுத்த காணொளி கைத்தொலைபேசிகளில் ஊர் ஊராகப் போயிற்று. நான் சொன்னது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நான் காலடி வைத்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. மருமகள் எழுதுவாளா, எழுதமாட்டாளா என்று நான் விசாரித்துப் பார்த்ததே இல்லை. தெரிந்துகொண்டு சொன்னதைவிட இது மேலானதா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை மடியில் கேக் பெட்டியோடு லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். பசறையைத் தாண்டியதும் கொண்டக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பள்ளிக்கூடத்த மூடச் சொல்லி பேசினது நீங்கதானே தம்பி? போன்ல பாத்தேன். சும்மா பிச்சி எறிஞ்சிட்டீங்க!"

நான் தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டேன். அன்று பிற்பகல் மூடக் கூடாது என்று பேசப்போகும் வாய், மூடச் சொன்னதற்கான பாராட்டை வாங்கிக்கொண்டது. எந்த உறுத்தலும் இல்லை. மறுபக்கத்தின் வாதங்களை நான்கு மாதங்களுக்கு முன் ஒவ்வொன்றாக உடைத்தவன் நான். உடைத்தவனுக்கு எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று தெரியாதா? பஸ் வளைவுகளில் ஆட ஆட, முன்னுரை, மூன்று வாதங்கள், முடிவுரை என்று மனத்திலே கட்டி முடித்துவிட்டேன்.

கூட்டத்துக்காகப் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டிருந்தார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகள் ஓடி வந்து நான்காக மடித்த தாளொன்றைக் கையில் திணித்தாள். வண்ணப் பென்சிலில் ஒரு மேடை, ஒரு மைக், மைக்கைவிடப் பெரிய வாயோடு நான். கீழே ஐந்து வரி, வளைவுகள் ஒன்றுகூடப் பிசகாத எழுத்து: "அன்புள்ள மாமாவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துக்கள். நீங்கள் எல்லாப் போட்டியிலும் வெல்ல வேண்டும். எனக்குப் பெரிய கேக் துண்டு தர வேண்டும். இப்படிக்கு," அதன்கீழ் அவளுடைய முழுப்பெயர்.

"யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான்! மாமாவுக்கு என்ன, கண்ணு தெரியலயா?" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கேக்கைக் கூட்டம் முடிந்து வந்து வெட்டலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினோம்.

பள்ளிக்கூடம் நான் மேடையில் வருணித்த அதே ஒற்றை அறைதான். ஆனால் உள்ளே பழைய துணிச் சீலையால் மூன்றாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கரும்பலகை. சுவரில் பிள்ளைகளின் எழுத்துகள். வெலிமடைப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஓர் இளம் டீச்சர்தான் பள்ளிக்கூடத்தையே நடத்துகிறார். என் வயதுதான் இருக்கும். பெண்கள் அரைநாள் வேலையோடு மலையிலிருந்து இறங்கி, தலைத்துண்டை அவிழ்க்காமலே பிள்ளைகளின் வாங்குகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். கல்விக் கந்தோர் அதிகாரி மரியாதையான மனிதர். தமிழர். பெற்றோரின் சம்மதக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார்.

எழுந்தேன். பதினொரு நிமிடம் பேசினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகப் பேசினேன். மழைநாளில் வழுக்கும் பாதையில் இறங்கும் சின்னக் கால்களைச் சொன்னேன். பள்ளிக்கூடம் மூடினால் தோட்டத்துக்கு ஒரு கண் போகும் என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்துவிட்டு முடிவுரையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

நான் உட்கார்ந்ததும் அதிகாரி மெல்லத் தலையாட்டினார்.

"நல்லா பேசுறீங்க தம்பி. எனக்கு உங்கள முதல்லயே தெரியும்" என்று சொல்லி, தொலைபேசியை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

என் குரல் வந்தது. அந்தச் சின்ன அறையில் அது மண்டபத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. எட்டு வயதுக் குழந்தை வந்தாள், பெயர் எழுதத் தெரியாமல் நின்றாள். "வாயை மூடு" வந்தது. பதுளைச் சபையின் சிரிப்பும் அப்படியே வந்தது. இந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். என்னைப் பார்க்காமல், கையிலிருந்த சோக்குத் துண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "'வாய மூடு'ன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லீங்க."

"அது விவாதம் சேர்" என்று எழுந்து நின்றேன். "போட்டி. சீட்டு எடுத்தோம். எனக்கு அந்தப் பக்கம் வந்திச்சி."

கண்ணைத் துடைத்த அதே பெண், லயத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காம்பராவில் இருப்பவள், வாங்கிலிருந்தபடியே கேட்டாள்:

"அப்ப இப்ப பேசினது? இதுவும் சீட்டு எடுத்துதானா தம்பி?"

யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "அந்தப் புள்ளைக்கா எழுதத் தெரியாது? என் கிளினிக் கொப்பில தேதிய அதுதானே வாசிச்சிச் சொல்லுது. இல்லாட்டி நான் எந்த நாளும் தப்பான நாளைக்குல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் நிப்பேன். பேசுறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

எத்தனை மேடைகளில் எதிரணியின் கேள்வியை அந்தரத்தில் பிடித்துத் திருப்பி எறிந்திருக்கிறேன். மறுப்புரைக்கு என்றே தனிப் பரிசு வாங்கியவன் நான். அன்று பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டலாமா என்று கை போனது. அதுவும் ஒரு மேடை உத்தியாகவே தோன்றும் என்று கை திரும்பியது.

அக்கா எழுந்தாள். அவள் ஒரு கூட்டத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்:

"சேர், ஆறரைக்கு எங்களுக்குப் பெரட்டு. பேர் குடுத்துட்டு மலைக்கு ஏறணும். லுணுகலை பஸ் கீழ ரோட்டுக்கு வாரது ஆறே முக்காலுக்கு. நாங்க மேல ஏறுற நேரத்துல பிள்ளைங்க கீழ எறங்கணும், தனியா, தேயிலைக்குள்ளால. போன மாசம் குளவி கொட்டி ரெண்டு பேர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது அந்தப் பாதையிலதான். பெரட்டுக்கு நிக்கிறதா, பிள்ளய பஸ் ஏத்துறதா? நீங்களே சொல்லுங்க. நான் சைன் வைக்க மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் பேசிய பதினொரு நிமிடத்தில் பெரட்டில் ஆளெண்ணும் நேரமும் பஸ் நேரமும் எங்கேயும் இல்லை. அவை எனக்குத் தெரியாதவையல்ல. அவளுடைய சோற்றில் வளர்ந்த நான் தினமும் அந்தப் பெரட்டு நேரத்துக்குத்தான் கண் விழித்தேன். பேச்சுக்கு அழகாக இல்லை என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டார். சம்மதக் கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"பெற்றார் விரும்பலன்னு எழுதுறேன். ஆனா ஒரு டீச்சரோட அஞ்சு வகுப்பு நடத்த ஏலாது, அதயும் நான் எழுதத்தான் வேணும். படிச்ச ஒருத்தர் தொண்டர் ஆசிரியரா வந்து நின்னா மூடுறத இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடியிற வரைக்கும் தள்ளிப்போடலாம். அதுக்குள்ள ரெண்டாவது டீச்சருக்கு எழுதிப் பாப்பம். ஆள் இல்லாட்டி அடுத்த தவணை லுணுகலைதான். உங்களுக்குள்ள யாராவது இருக்காங்களா?"

அந்தத் தோட்டத்தில் பட்டம் பெற்றவன் ஒருவன்தான் இருந்தான். அவன் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தான். இருபது பெண்கள் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை. பேச்சுக்காரனாக எனக்குப் பழக்கமானது எல்லாக் கண்களும் என்மேல் இருப்பது. ஒரு கண்கூட இல்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த கிழமைக்குள் பதில் சொல்லும்படி சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

ஏற்றத்தில் அக்கா முன்னே நடந்தாள். நான் பின்னே. கூட்டம் நடந்தபோது மருமகள் பள்ளிக்கூடத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் அக்கா தேநீர் வைத்தாள். கேக் பெட்டி மேசையில் கட்டு அவிழாமல் இருந்தது.

"அந்தப் பேச்ச ஒனக்கு முந்தியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"நாலு மாசமாத் தெரியும். ஒங்க அத்தான் அனுப்பினாரு."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"கேடயத்தத் தூக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டே வந்து நின்ன. ஜெயிச்சிட்டு வந்த பிள்ளகிட்ட என்னத்தச் சொல்றது?" தேநீரை என் முன்னால் தள்ளினாள். "நீயே வந்து மாத்திப் பேசினா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். அந்தாளு போன எடுப்பாருன்னு கண்டேனா?"

சுவரோரம் என் கேடயங்கள் பதினொன்றும் தூசி இல்லாமல் நின்றன. நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய பன்னிரண்டாவதும் அவற்றோடு நின்றது. அதையும் அவள்தான் துடைத்திருக்கிறாள். தன் மகளை எழுத்தறியாதவள் ஆக்கி வாங்கியது என்று தெரிந்துகொண்டே.

எழுந்தேன். மார்பு தானாக விரிந்தது. "அக்கா, வர்ற மாசம் பதுளையில அந்தப் போட்டி நடந்த மண்டபத்திலேயே எனக்குப் பொன்னாடை போத்துறாங்க. அந்த மேடையிலேயே ஏறி, நான் பேசினது பொய்னு எல்லாருக்கும் முன்னால..."

"மேடையா?" அக்கா சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒருமுறைதான். "அதுக்கும் கைதட்டுவாங்கடா. ஒன்னப் பெரிய மனுசன்னு சொல்லி இன்னொரு கேடயம் குடுப்பாங்க. பள்ளிக்கூடத்துக்கு அதுல என்ன வந்திச்சி?"

அந்தப் பத்து இலக்குகளின் கொப்பி என் பயணப் பையில்தான் இருந்தது. அன்று அதைத் திறக்கவில்லை. எட்டாவது வரியில் என்ன இருக்கிறது என்பதற்குத் திறக்கவும் தேவையில்லை. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு இந்தத் தவணைக்குள்தான் வருகிறது. பயிற்சி வகுப்பு பதுளையில், கிழமை நாள்களில், பள்ளிக்கூட நேரத்தில். என் அறையும் நான் கற்பிக்கும் மாணவர்களும் அங்கேதான். இந்தத் தவணை தவறினால் தேர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும். ஒரு வருடம் என்பது எங்கள் லயத்துப் பிள்ளைகள் பலருக்கு நிரந்தரமாகத் தள்ளிப்போவதன் இன்னொரு பெயர் என்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனாக ஆகிவிடுவேனோ என்ற பயம் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது, இதை எழுதும் இந்த ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது. பள்ளிக்கூடம் எப்படியும் மூடப்படலாம். இரண்டாவது டீச்சர் வராமலே போகலாம். அந்தப் பெண்கள் என்னை நம்பாமலே இருக்கலாம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

"அக்கா," என்று தொடங்கினேன். குரல் தானாகவே உயர்ந்தது.

"உக்காந்து சொல்லு" என்றாள்.

உட்கார்ந்தேன். குரல் அடிவயிற்றிலிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மெலிந்து, அடுத்த காம்பராவுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு வந்தது. வாய்விட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"திங்கக்கிழம ஏழரைக்கு நான் பள்ளிக்கூடத்தில இருப்பேன். முதல்ல டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேப்பேன். தவணை முடியிற வரைக்கும் ஒருநாளும் வராம இருக்க மாட்டேன் அக்கா."